நீலத்தைத் தின்னும் வைக்கோல்

மருதமுனையில் சுல்பிகா ராத்தாவின் காளான் கொட்டிலுக்குப் பின்னால் நீலத் தண்ணீர் வெளுக்கிறது என்று வாப்பா சொன்னபோது நான் சிரித்தேன்.

வாப்பா சம்மாந்துறை வயல்களில் டிரக்டர் ஓட்டுகிறவர். வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கரையோர ஊர்களுக்குப் போவார். சுல்பிகா ராத்தாவுக்கு ஒரு சுமை இறக்கிவிட்டு வந்த அன்று, பிளேன்டி குடித்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

“நீ படிச்ச படிப்பில இது இரிக்கா பாரு. ஜவாத்ட சாயக் கொட்டில்ல இரிந்து வாற தண்ணி, அவட காளான் குப்பைக்குள்ள நீலமாப் போகுது. மற்றப் பக்கம் கழனித் தண்ணி மாதிரி வருது.”

“மழைத் தண்ணி கலந்து ஐதாப் போயிரிக்கும் வாப்பா.”

“நானும் அதைத்தான் சொன்னன். ‘அப்ப உங்கட மகள அனுப்புங்க, அவவும் அதையே சொல்லிட்டுப் போகட்டும்’ எண்டா.”

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். கலியாண வீடுகளில் “சிபானா இப்ப என்ன செய்யிறா?” என்று யாராவது கேட்டால் உம்மா, “படிச்சி முடிச்சிட்டா, வேலை வரும்” என்பார். எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. படித்தது எதற்கு உதவும் என்பதும் தெரியாது. மறுநாளே பாலமுனையிலிருந்து பஸ் ஏறினேன்.

சுல்பிகா ராத்தா வாசலில் நின்று வைக்கோல் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். உயரமான ஆள். கை வேலை செய்யும்போதும் வாய் ஓயாது.

“வந்திட்டாவா, ஐதாப் போகுது எண்டு சொல்லுறவ? வாகா. முதல்ல தண்ணியப் பாரு, மறுகா சொல்லு.”

கொட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். அவருடைய வளவுக்கும் ஜவாத் காக்காவின் சாயக் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு கழிவுநீர்க் கான் ஓடுகிறது. நூலைச் சாயத்தில் தோய்த்துக் கழுவிய தண்ணீர் அதில் இறங்கிக் கடலுக்குப் போகும். காளான் பறித்து முடிந்த வைக்கோல் பைகளை ராத்தா அந்தக் கான் ஓரத்தில் கொட்டிவந்திருந்தார். மாரி மழையில் குவியல் சரிந்து கானை அடைத்துவிட்டது. நீலத் தண்ணீர் அந்தக் குவியலுக்குள் ஊறி ஊறிப் போய், மறுபக்கம் மங்கிய மஞ்சளாக வடிந்தது.

நான் குந்தி, இரண்டு பக்கத் தண்ணீரையும் இரண்டு போத்தலில் எடுத்தேன். மழை விட்டு வெகுநாளாகியிருந்தது. கலந்து ஐதாவதற்கு அங்கே வேறு தண்ணீரே இல்லை. அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது.

காளானுக்கு வாயில்லை. அது நொதியங்களைச் சுரந்து, வைக்கோலின் கடினமான பகுதியை வெளியிலேயே கரைத்துத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நொதியங்களில் ஒன்றின் பெயர் லாக்கேஸ். காளானைப் பறித்த பிறகும் அது வைக்கோலில் மிச்சம் கிடக்கும். வைக்கோலை உடைக்கிற அதே வேலையைச் சில சாயங்களிலும் காட்டும். பரீட்சைக்காக இதை நான் எழுதியிருக்கிறேன். ஆய்வுகூடத்தில் லாக்கேஸ் ஒரு சின்னக் குப்பியில் தூளாக வந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தூரத்தில் வைத்துக் காட்டினார்கள். தொட விடவில்லை. இங்கே அது மலை மாதிரிக் குவிந்து கிடந்தது, மேலே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

“ராத்தா, இது குப்பை இல்ல.”

“அத எனக்குச் சொல்லாத. பள்ளிக்குப் போய்ச் சொல்லு.”

அப்போதுதான் அவருடைய சிக்கல் விளங்கியது. குவியலில் ஈ மொய்க்கிறது, நாற்றம் அடிக்கிறது, கானும் நிறமாய் ஓடுகிறது என்று அயலவர்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் முறையிட்டிருந்தார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு இரண்டு கொட்டில்களும் அங்கிருந்து போகவேண்டும் என்று பேச்சு நடந்தது. ஜவாத் காக்காவுக்கு உள்ளே வேறு நிலம் இருந்தது. ராத்தாவுக்கு இந்த வளவை விட்டால் போக இடமில்லை. கொட்டில் போனால் காளானும் போகும்.

அது அவர் கையால் கட்டிய கொட்டில். கலியாணத்துக்கு முன்பே அவர் தறியில் இருந்தவர். கொரோனா வந்து நூல் வராமல் தறி நின்றது. கணவர் நிப்றாஸ் கல்முனைப் பஸாரில் வைத்திருந்த தையல் கடையும் பூட்டிக் கிடந்தது. ராத்தா போனில் ஒரு வீடியோவைப் பார்த்து வைக்கோலை அவித்துக் காளான் விதை போட்டார். முதல் தடவை பச்சைப் பூஞ்சணம்தான் முளைத்தது. அடுத்த தடவை சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வந்தது, ஆனால் வாங்க ஆளில்லை. அந்த வருட நோன்புக் கஞ்சியில் அதை வெட்டிப் போட்டு அயலுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். என்ன இறைச்சி இது, நல்லாயிரிக்கே என்று கேட்டு வந்தவர்களிடம், “வைக்கோல் இறைச்சி” என்றாராம். அதன் பிறகு காளான் மிஞ்சவேயில்லை. எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பரலில் சாணம் கரைத்து வாயு எடுக்கப் பார்த்ததும் அவர்தான். அடுப்பு எரிந்தது, ஆனால் ஒரு கேத்தல் கொதிக்கும் முன்பே அணைந்துவிடும்.

அந்தப் பரலைக் கண்டதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. புது வைக்கோலைப் பரலுக்குள் போட்டால் அது மிதந்து அடை கட்டும், லேசில் உக்காது. காளான் தின்று மெலிந்த வைக்கோல் அப்படியில்லை. குவியலை ஊறவைத்துப் பிழிந்தால் லாக்கேஸ் சாற்றோடு வந்துவிடும்; மிஞ்சுகிற சக்கையைப் பரலில் போட்டால் என்ன?

“அப்ப சாறு சாயத்துக்கு, சக்கை அடுப்புக்கு,” என்றார் ராத்தா. “குவியல் எங்க போகும்?”

“அடுப்புக்குள்ள.”

ராத்தா வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். “இரி. சாப்பிட்டுட்டுத்தான் போற.”

அன்றே தொடங்கினோம். பழைய பைகளைப் பிய்த்து, மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த தொட்டியில் ஊறவைத்து, பழைய சாறன் துணியில் கட்டிப் பிழிந்தோம். தேயிலைச் சாயம் போல ஒரு சாறு வந்தது. சக்கை பரலுக்குப் போனது.

சாயத் தண்ணீர் வேண்டும். ஜவாத் காக்கா தரமாட்டேன் என்றார்.

“சாயம் போகாம இரிக்கத்தான் நாங்க இந்தப் பாடு படுறம். நீங்க சாயத்தப் போக வைக்கப் போறீங்க. மருதமுனைச் சாறன் காளான் தண்ணியில வெளுக்குது எண்டு ஒரு கதை கிளம்பினா, பெருநாளைக்கு எவன் வாங்குவான்?”

“தண்ணியில கிடக்கிற சாயம்தான் போகும் காக்கா,” என்றேன். துணியில் பிடித்த சாயம் போகாது என்று நினைத்தேன். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நினைக்கிறியா, தெரியுமா?”

“நினைக்கிறன்.”

“அப்ப பாப்பம்.” தான் உடுத்தியிருந்த சாறனைப் போன்றதொரு நீலச் சாறனிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து என் கையில் தந்தார். “இதையும் வாளிக்குள்ள போடு. இது வெளுத்தா உன்ன வீட்ட அனுப்பிருவன்.”

மறுநாள் காலையில் நூல் கழுவிய நீலத் தண்ணீரில் சாற்றை ஊற்றி, துண்டையும் போட்டோம். அன்று முதல் நோன்பு. தாகம் தெரியவில்லை. மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் போகும்போது நீலம் சாம்பலாகியிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியின் அடி தெரிந்தது. துண்டு மட்டும் நீலம் மாறாமல் கிடந்தது. ஜவாத் காக்கா அதை எடுத்துப் பிழிந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“பாத்தீங்களா, இதுதான் என்ட சாயம். போகாது,” என்றார், ஏதோ தான்தான் இந்தப் பரிசோதனையைச் செய்தவர் மாதிரி. “பள்ளித் தலைவரக் கூட்டியாங்க. துண்டையும் காட்டணும்.”

சிவப்புத் தண்ணீர் அவ்வளவு லேசில் அசையவில்லை. கறுப்பு அசையவே இல்லை. அதைப் பற்றி யோசிக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. நீலம் போகிறது, அது போதும். தலைவரை அழைத்துவிட்டோம். அதற்காக ராத்தா இன்னொரு பரல் நிறையச் சாறு பிழிந்தார்.

“இது கெட்டுப்போற சாமான் ராத்தா. கெடாமப் பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டு நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

பள்ளித் தலைவர் முகைதீன்பாவா ஹாஜியார் மறுநாள் இரண்டு பேருடன் அஸருக்குப் பிறகு வந்தார். சம்மாந்துறைப் பக்கம் வயல் வைத்திருப்பவர். எதையும் மெல்லப் பார்ப்பார். காலையிலேயே கலந்து வைத்த வாளியை ராத்தா அவர் முன்னால் தூக்கி வைத்தார்.

தண்ணீர் நீலமாகவே இருந்தது.

கலக்கினோம், நிழலுக்கு மாற்றினோம், வெயிலுக்குக் கொண்டுவந்தோம். நீலம் அப்படியே இருந்தது. ஜவாத் காக்கா துண்டைத் தூக்கிப் பிடித்தார். “துணியிலயும் போகல்ல, தண்ணியிலயும் போகல்ல. என்ட சாயம் அவ்வளவு நல்லம் ஹாஜியார்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. “சுல்பிகா, உங்கட கெட்டித்தனம் ஊருக்குத் தெரியும். ஆனா நாறுது மகள். பெருநாள் முடிய வாறன். குவியல் இரிந்தா, கொட்டிலக் கழட்டத்தான் வேணும்.”

அவர்கள் போன பிறகு ராத்தா பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் வரும்போது என்னையே கேட்டுக்கொண்டேன்: இவ்வளவு காலம் எப்படியோ ஓடிய ஒரு வாழ்க்கைக்குள் வந்து, இரண்டு பரீட்சை விடைகளை வைத்துக்கொண்டு ஆசை காட்டியது யார்? வெப்பநிலையா, புளிப்புத்தன்மையா, பழைய பையா? எனக்குத் தெரிந்த காரணங்களெல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை.

காலையில் மறுபடி போனேன். “ராத்தா, பிழிஞ்ச நேரத்தில இரிந்து என்ன செய்தீங்க எண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல. அதே பை, அதே மழைத் தண்ணி, அதே சாறன். பிழிஞ்சன், பரலுக்குள்ள ஊத்தினன், உப்புப் போட்டன், மூடினன்.”

“என்ன போட்டீங்க?”

“உப்பு. நீதானே கெடாமப் பாக்கச் சொன்ன. நல்லா அள்ளிப் போட்டன்.”

நான் பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கடற்கரையில் நின்று ஒரு மனுசியிடம் ‘கெடாமப் பாத்துக்கோங்க’ என்றால் அவர் கை வேறு எங்கே போகும்? மீனுக்கு உப்பு, இறைச்சிக்கு உப்பு, எலுமிச்சங்காய்க்கு உப்பு. நானும் அதே கரையில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் லாக்கேஸுக்கு உப்பு ஆகாது. உப்பு அதன் வேலையைப் பிடித்து நிறுத்திவிடும். இது நான் படித்த ஒரு வரி. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

“அப்ப நீ உப்புப் போடாத எண்டெல்லோ சொல்லியிரிக்கணும்,” என்றார் ராத்தா. அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. “இவ்வளவு படிச்சி, உப்பக் கதைக்கல்ல.”

“ஓம் ராத்தா.”

“ஓம் எண்டு நிக்காத. கெடாம எப்பிடி வைக்கிற?”

நானும் அவரும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் பார்த்தோம். மீன் வாடியில் ஐஸ் இருந்தது. ஐஸை உள்ளே போடாமல், சாறு நிறைத்த போத்தல்களை மூடி, மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்தோம். இன்னொன்றும் விளங்கியது. ஜவாத் காக்கா நூலைத் தோய்க்கும் முதல் தண்ணீரிலும், சாயம் பிடிப்பதற்காகப் போட்ட உப்பு நிறைய இருக்கும். கழுவுகிற தண்ணீரில்தான் குறைவு. முதல் தண்ணீரை வேறு வாளியில் பிடியுங்கள், அதை மழைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும் என்றேன்.

“இப்ப என்ட சாயக் கொட்டிலையும் நீ நடத்தப் போறியா?” என்றார் அவர். ஆனால் அன்று மாலையே ஒரு வாளியைத் தனியாக வைத்திருந்தார்.

இந்த முறை ஹாஜியாரை அழைக்கும் முன் நாங்கள் மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றிலும் நீலம் போனது. நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள் அவர் வந்தார். வாளியின் அடியில் ராத்தா போட்டிருந்த வெள்ளைப் பீங்கான் துண்டு தெளிவாகத் தெரிந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“தண்ணி சுத்தம் எண்டா நிறம், மணம், ருசி மூண்டும் மாறாம இரிக்கணும். நிறம் சரி. மணம் கொஞ்சம் வைக்கோல். ருசி?”

“ருசி பாக்க ஏலா ஹாஜியார்,” என்றார் ராத்தா. “நோன்பு.”

ஹாஜியாருக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “மகள், நிறம் போன மாதிரி நஞ்சும் போயிட்டா?”

எனக்கு ஓம் என்று சொல்ல ஆசை. வாய் வரை வந்தது. “தெரியாது,” என்றேன். “நிறம் உடைஞ்சா அதில இரிந்து வேற ஏதாவது வரலாம். குடிக்கவோ தொழுகைக்கு வுழூ செய்யவோ இது சரிவராது. கானுக்கு விடுறதுக்குத்தான். முந்தினதை விட நல்லமா எண்டு பாக்கணும்.”

“எப்பிடிப் பாக்கிற?”

“ஏதாவது முளைக்கப் போட்டுப் பாக்கலாம்.”

“நெல்லு?” அவர் முகம் மாறியது. நெல் அவருடைய விஷயம். அடுத்த நாளே ஒரு சொப்பின் பையில் விதைநெல் கொண்டுவந்து தந்தார். மூன்று தட்டில் துணி விரித்து நெல்லைப் பரப்பினோம். ஒன்றுக்கு மழைத் தண்ணீர், ஒன்றுக்குச் சாயத் தண்ணீர், ஒன்றுக்கு எங்கள் தண்ணீர். ஹாஜியார் இரவில் தராவீஹ் தொழப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நெல்லை மட்டும் பார்ப்பார்.

இதற்கிடையில் பரல் வேலையைக் காட்டியது. ஒரு மத்தியானம் ராத்தா போன் எடுத்து, “எரியுது, எரியுது, நிக்கமாட்டங்குது” என்றார். நான் போனபோது அடுப்பில் கேத்தல் கொதித்து இறங்கி, புதுப் பைகளை அவிக்கும் கிடாரம் ஏறியிருந்தது. காளான் தின்ற வைக்கோலிலிருந்து வந்த வாயுவில், அடுத்த காளானுக்கான வைக்கோல் வெந்துகொண்டிருந்தது. பாதி நேரம்தான் எரிந்தது, மீதிக்கு விறகு வைத்தார். ஆனாலும் அந்தச் சுவாலையை விட்டு எங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை. நிப்றாஸ் காக்கா கடையிலிருந்து வந்தவர், தையல் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே நின்று பார்த்தார். “இனி சிலிண்டருக்கு என்னை அனுப்பமாட்டீங்க,” என்றார்.

“உங்கள எதுக்கும் அனுப்ப ஏலா. போனா வரமாட்டீங்க,” என்றார் ராத்தா.

பெருநாள் முடிந்தது. சொன்னபடி ஹாஜியார் வந்தார், முறையிட்ட அயலவர் இருவரும் கூட வந்தார்கள். முதலில் தட்டுகளைப் பார்த்தார். சாயத் தண்ணீரில் போட்ட நெல் வெடித்ததோடு சரி. வேர் நுனி கறுத்துச் சுருண்டிருந்தது. எங்கள் தண்ணீரில் பச்சை எழும்பி, வேர் வெள்ளையாக ஓடியிருந்தது. மழைத் தண்ணீர் நெல்லோடு வைத்துப் பார்த்தால் உயரம் குறைவு.

“கொஞ்சம் கட்டைதான்,” என்றார்.

“ஓம். முழுக்கச் சரியில்ல.”

அவர் தலையசைத்துவிட்டுக் கான் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது. கான் ஓரத்தில் ஹாஜியார் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். புல்லில் ஒரு பழுப்புத் தடம் மட்டும் இருந்தது.

“குவியல் எங்க?”

“முடிஞ்சி,” என்றார் ராத்தா.

“எங்கயும் கொட்டினீங்களா?”

“பிழிஞ்சி பரலுக்குப் போட்டாச்சி. வாங்க, எரியிறதக் காட்டுறன்.”

ஹாஜியார் அயலவர்களைப் பார்த்தார். அதில் ஒருவர் மூக்கைச் சுளித்து ஒரு தரம் மணந்து பார்த்தார், பிறகு தோளைக் குலுக்கினார்.

“முறைப்பாடு குவியலுக்கும் கானுக்கும்தானே,” என்றார் ஹாஜியார். “குவியல் இல்ல. கானுக்கு ஒரு மூடி போட்ட தொட்டி கட்டுங்க, ஜவாத்ட செலவில. தண்ணி அதில நிண்டு நிறம் விட்டுத்தான் போகணும். சிவப்பும் கறுப்பும் அவர்ட மற்றக் காணியில தோய்க்கட்டும், இது சரிவாற வரைக்கும். கொட்டில் இரிக்கட்டும்.”

“என்ட செலவிலயா?” என்றார் ஜவாத் காக்கா.

“உங்கட சாயம்தான் போகாத சாயமாமே.”

ராத்தா என் மணிக்கட்டை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிபானா, தொட்டி கட்டினா நாளுக்கு எவ்வளவு சாறு வேணும்?”

சொன்னேன்.

“என்னட்டப் பை காணாது.”

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கே கொட்டுவது என்று ஊரே சண்டை பிடித்த குப்பை, இப்போது போதவில்லை. ராத்தா அங்கேயே நின்று போனை எடுத்தார். வீரமுனையில் உசாந்தினி என்று ஒருவர் காளான் போடுகிறார், பயிற்சி ஒன்றில் பழக்கம். “உசாந்தினி, உங்கட பழைய பை எல்லாம் என்ன செய்யிறீங்க? வயலுக்கு வீசுறீங்களா? வீசாதீங்க. ஒண்டையும் வீசாதீங்க. நனைய விடாதீங்க, உப்பும் போட்டிராதீங்க.”

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “அதெல்லாம் நேர சொல்லுறன், பிள்ள வருது” என்று போனை வைத்தார்.

“எந்தப் பிள்ளை?” என்றேன்.

“நீதான். உன்ட வாப்பா நாளைக்கு வைக்கோல் ஏத்தச் சம்மாந்துறைக்குத்தானே போறார்? வீரமுனை பக்கத்திலதானே இரிக்கி?”

மறுநாள் காலை டிரக்டரின் மட்கார்டில் நான் உட்கார்ந்திருந்தேன். வாப்பா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். வீரமுனையில் உசாந்தினி அக்கா வாசலுக்கு வந்து, பட்டம் படித்த பிள்ளை குப்பை ஏற்ற வந்திருக்கிறதா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கா தங்கச்சி இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஓம் அக்கா,” என்றேன், ஒரு பையைத் தூக்கி மணந்து பார்த்தபடி. உள்ளே வைக்கோல் இன்னும் வெள்ளை நூல் ஓடிக் கிடந்தது. “எத்தனை இரிக்கி?”